பூஜ்யத்தைக் கெடுக்க ஒரு கட்டணம்

ராத்திரி பதினொன்றரை மணி. தெரு அடங்கி, நாய்கள் கூடக் குரைத்து முடித்துப் படுத்துவிட்ட நேரம். மூலையில் ஒரு கார் திரும்புகிறது. ஓட்டுகிற அண்ணன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். பட்... படபட... படார்! இரண்டாவது மாடியில் ஒரு குழந்தை எழுந்து அழுகிறது. கீழ்வீட்டுத் தாத்தா ஜன்னலைத் திறந்து, "எவன்டா அது, ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடியே பட்டாசு?" என்கிறார்.

பட்டாசு இல்லை தாத்தா, பெட்ரோல். சைலன்சர் குழாய்க்குள்ளே வெடிக்கிற பெட்ரோல். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அண்ணன் இதற்குக் காசு கொடுத்திருக்கிறார். கார் கம்பெனி இலவசமாக வைத்துக் கொடுத்த ஒரு நல்ல வசதியை, காரின் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி எறிவதற்காக, ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்திருக்கிறார். இதற்குப் பெயர் 'பாப்ஸ் அண்ட் பேங்ஸ்' ரீமேப். இன்ஸ்டாகிராமில் நாலு வீடியோ போட்டால் லைக் குவியும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஜூனியர் பசங்க "மாஸ்ண்ணா" என்பார்கள்.

அப்படி என்ன வசதியைப் பிடுங்கினார்கள்? அது தெரியாமல் திட்டினால் வெறும் சத்தத்துக்கு எதிரான சத்தமாகப் போய்விடும். கொஞ்சம் பொறுமையாக உள்ளே போய்விட்டு வருவோம்.

கார் மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் சிக்னல் சிவப்பு. ஓட்டுநர் காலை எடுக்கிறார். இப்போது இன்ஜின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் "கொஞ்சமா குடிக்கும்" என்பார்கள். சரியான விடை பூஜ்யம். ஒரு சொட்டு கூடக் கிடையாது. ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களை மொத்தமாக மூடிவிடுகிறது. அப்படியும் இன்ஜின் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? கியரில் இருப்பதால் சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. வழக்கமாக இன்ஜின் சம்பாதித்து சக்கரத்துக்குச் சாப்பாடு போடும். இந்தச் சில நொடிகளில் சக்கரம் இன்ஜினுக்குச் சாப்பாடு போடுகிறது. த்ராட்டில் மூடியிருப்பதால் பிஸ்டன்கள் காற்றுக்குத் திணறி இழுக்கின்றன, அந்த இழுவையே காரைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. 'இன்ஜின் பிரேக்கிங்' என்று டிரைவிங் ஸ்கூல் அண்ணன் சொல்வது இதைத்தான். வேகம் குறைந்து ஆர்.பி.எம். ஐடிலிங்கை நெருங்கும்போது, இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்க இன்ஜெக்டர்கள் மறுபடி திறக்கும். டிசிலரேஷன் ஃப்யூல் கட்-ஆஃப் என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ட்யூனிங் செய்கிறவர்களின் சுருக்கம் டி.எஃப்.சி.ஓ. நாம் 'பெட்ரோல் வெட்டு' என்றே வைத்துக்கொள்வோம், வாய்க்கு வசதி.

நம்பிக்கை இல்லையென்றால் டேஷ்போர்டில் உடனடி மைலேஜ் காட்டுகிற கார் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து பாருங்கள். கியரில் காலை எடுத்த மறுகணம் அந்த எண் 99.9 என்றோ அந்த மீட்டரின் உச்சத்துக்கோ போய் ஒட்டிக்கொள்ளும். பூஜ்யத்தால் வகுத்தால் பாவம் அது வேறென்ன காட்டும்?

இப்போது நியூட்ரல் கட்சிக்காரர்களுக்கு வருவோம். நம்ம குடும்பங்களில் தலைக்கு ஒரு மாமா இருப்பார். ஏற்காடு இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, "பெட்ரோல் மிச்சம்டா மாப்ளே" என்று கண்ணடிப்பார். இன்னும் சில மகான்கள் சாவியையே ஆஃப் பண்ணிவிடுவார்கள். மாமா சொல்வது அவர் காலத்துக்குச் சரிதான், அதை மறுக்க வேண்டாம். அம்பாசடர், பத்மினி, ஆரம்பகால மாருதி 800 எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது. இன்ஜின் உறிஞ்சினால் அது ஊற்றும். கியரில் இறங்கினாலும் ஐடிலிங் துவாரம் வழியே பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் 2000-ஐ ஒட்டி நம்ம ஊர்க் கார்கள் எம்.பி.எஃப்.ஐ.க்கு மாறிவிட்டன. அதற்குப் பிறகு கணக்கு தலைகீழ். நியூட்ரலில் இன்ஜினைச் சுற்ற ஆளில்லை, அது தானே எரித்துத்தான் உயிரோடு இருக்க வேண்டும். சின்ன கார் ஒன்று ஐடிலிங்கில் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஒரு மணி நேரம் மலையிறங்கினால், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும், மாமா மிச்சப்படுத்தியது மைனஸ் ஐம்பதிலிருந்து மைனஸ் நூறு ரூபாய்!

(நேர்மைக்காக ஒன்று சொல்லிவிடலாம். சமதரையில் நியூட்ரலில் விட்டால் கார் கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மை. சில ஐரோப்பிய ஆட்டோமேட்டிக் கார்கள் தாமாகவே கியரை விடுவித்து அப்படி உருள்கின்றன. ஆனால் பிரேக் பிடித்தே ஆகவேண்டிய இறக்கத்தில் அந்த வாதம் செல்லாது.)

நூறு ரூபாய் போனால் போகட்டும், ஒரு காபிக்கும் ரெண்டு வடைக்கும் ஆனது என்று விட்டுவிடலாம். விட முடியாதது பிரேக். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி பாதையில் 36, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. இந்த வளைவுகளில் நியூட்ரலில் இறங்குகிற காரின் மொத்த எடையையும் பிரேக் பேட் மட்டும்தான் தாங்குகிறது. பேட் சூடாகும். சூடாக ஆகப் பிடிப்பு குறையும். இன்னும் சூடானால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். அதற்குப் பிறகு பெடலை மிதித்தால் பஞ்சு மெத்தையை மிதிப்பது போல இருக்கும். சாவியை ஆஃப் பண்ணிய மகானுக்கு இன்னும் விசேஷம். பிரேக்குக்கு பலம் சேர்க்கும் வேக்குவம் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் சரக்கு இருக்கும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். நீலகிரிப் பாதைகளில் 'இரண்டாம் கியரில் இறங்கவும்' என்று பலகை வைத்திருப்பது சும்மா அழகுக்கு இல்லை. இரண்டாம் கியரில் காலை எடுத்தால் பெட்ரோலும் பூஜ்யம், பிரேக்குக்கும் பாதி வேலை மிச்சம். சிக்கனமும் பத்திரமும் ஒரே கியரில் கிடைக்கிற இடம் வாழ்க்கையில் அபூர்வம்!

மாமா அறியாமல் செய்கிறார். மாமாவை மன்னிக்கலாம். பாப்ஸ் அண்ட் பேங்ஸ் அண்ணனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருடைய காரை ட்யூன் பண்ணுகிறவருக்குப் பெட்ரோல் வெட்டு என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். லேப்டாப்பில் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்துத்தான் கெடுக்கிறார்.

அந்தக் கட்டத்தில் என்னதான் இருக்கிறது? கம்பெனி ஈசியூக்களில் இது ஏகப்பட்ட பூட்டுகளுக்குப் பின்னால் இருக்கும். ஆனால் மெகாஸ்க்விர்ட், ஸ்பீடுயினோ மாதிரி, ஆர்வலர்கள் தாங்களே மாட்டிக்கொள்கிற ஈசியூக்களில் எல்லாம் திறந்த புத்தகம். விரல்விட்டு எண்ணக்கூடிய சில எண்கள்தான். த்ராட்டில் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் 'கால் எடுத்தாச்சு' என்று அர்த்தம், எத்தனை ஆர்.பி.எம்.முக்கு மேலே இருந்தால் வெட்டலாம், எத்தனைக்குக் கீழே வந்தால் மறுபடி ஊற்ற வேண்டும், இன்ஜின் எவ்வளவு சூடேறிய பிறகு இதை அனுமதிக்கலாம், கால் எடுத்து எத்தனை நொடி கழித்து வெட்ட வேண்டும். சிலவற்றில் மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டோமே தவிர, இந்த நாலைந்து எண்களை ஒழுங்காக வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வெட்டுகிற எல்லையும் திரும்ப ஊற்றுகிற எல்லையும் ஒன்றாக வைத்துவிட்டால், அந்த ஆர்.பி.எம்.மில் வெட்டும், ஊற்றும், வெட்டும், ஊற்றும்... கார் மாட்டுவண்டி மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அதனால் இரண்டுக்கும் நடுவே இருநூறு முந்நூறு ஆர்.பி.எம். இடைவெளி விட வேண்டும். தாமதமே இல்லாமல் வெட்டினால், கியர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு வெட்டு விழும், பின்சீட்டில் இருப்பவர் தலையாட்டிப் பொம்மை ஆகிவிடுவார். அரை நொடி, ஒரு நொடி பொறுக்கச் சொன்னால் சரியாகிவிடும். திரும்ப ஊற்றும் எல்லையைப் பேராசையில் 900-க்கு இறக்கி வைக்கிறவர்களும் உண்டு. சென்னை வெயிலில் ஏசி கம்ப்ரஸர் வேறு இன்ஜினைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, சிக்னலில் வண்டி 'டப்'பென்று அணைந்துவிடும். பின்னால் நிற்கிற மாநகரப் பேருந்து ஹாரன் அடித்தே புத்தி சொல்லும்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. இன்டேக் குழாயில் பெட்ரோல் பீய்ச்சும் கார்களில், உள்சுவரில் எப்போதும் மெல்லிய ஈரப்படலமாகப் பெட்ரோல் ஒட்டியிருக்கும். நீளமாக வெட்டினால் அந்தப் படலம் காய்ந்துவிடும். மறுபடி ஊற்றும்போது முதல் சில பீய்ச்சல்களில் ஒரு பகுதியைச் சுவரே குடித்துவிடும். சிலிண்டருக்குப் பற்றாக்குறை, வண்டி ஒரு இருமல் இருமும். தெரிந்த ட்யூனர் அந்தக் கணத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார், இக்னிஷன் டைமிங்கையும் படியாமல் சரிவாக ஏற்றிக்கொண்டு வருவார். பெட்ரோல் வெட்டின நேரத்தில் ஆக்சிஜன் சென்சார் 'ஐயோ ஒரே காற்றாக இருக்கிறதே' என்று அலறும். அந்த அலறலை நம்பித் திருத்தப் போகக் கூடாது என்றும் ஈசியூவுக்குச் சொல்லி வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஆட்டோ-ட்யூன் ஓட்டுகிறவர்கள், நன்றாக இருந்த பெட்ரோல் அட்டவணையைக் கண்டபடி கொழுக்க வைத்துவிட்டு, "மைலேஜ் குறையுதே ஏன்?" என்று உலகத்தையே கேட்பார்கள்.

பெட்ரோல் வெட்டை அணைத்துவிடச் சொல்கிறவர்களின் முதல் வாதமே இந்தக் குலுக்கல்தான். "வெட்டு இருந்தா வண்டி இடிக்குது, ஆஃப் பண்ணா ஸ்மூத்தா இருக்கு." இடிப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கதவு கிறீச்சிடுகிறது என்று யாராவது கதவையே கழற்றுவார்களா? இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார்கள். மேலே சொன்ன இடைவெளி, தாமதம், சரிவு எல்லாம் அந்த எண்ணெய்தான். அதைப் போட ஒரு சாயங்காலம் சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும், அதற்குச் சோம்பல். இப்படிப் பொறுமையாகத் திருத்திப் பார்க்கிற பசங்களும் நம்ம ஊரில் இருக்கிறார்கள். ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு வந்த பொறியியல் மாணவர் அணிகள் பைக் இன்ஜினை வைத்துத் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டு வருவார்கள். அங்கே எண்டூரன்ஸ் ஓட்டத்தில் வேகம் மட்டும் போதாது, எரிபொருள் சிக்கனத்துக்கும் மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் கால் எடுக்கிற இடத்தில் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிக்கலாம். லேப்டாப்பும் ஈசியூவும் அவர்களிடமும் இருக்கிறது, சத்த அண்ணனிடமும் இருக்கிறது.

சத்த அண்ணனின் மேப்பில் என்ன நடக்கிறது? பெட்ரோல் வெட்டை முழுசாக அணைப்பார்கள், இல்லையென்றால் தாமதத்தைப் பல நொடிகளுக்கு இழுத்து விடுவார்கள். த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்தே வைப்பார்கள். பெட்ரோலை ஊற்றுவார்கள். முக்கியமாக, ஸ்பார்க் வருகிற நேரத்தைத் தள்ளிப் போடுவார்கள், பிஸ்டன் உச்சியைத் தொட்டு இறங்க ஆரம்பித்த பிறகுதான் பொறி வரும். கலவை சிலிண்டருக்குள் எரிந்து முடிப்பதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். மிச்சம் குழாயில் எரியும். படபட... படார்.

இந்த வித்தை பிறந்தது ராலி பந்தயத்தில். 1990களின் டர்போ ராலி கார்கள் வளைவில் கால் எடுத்தாலும் டர்போ சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக, வேண்டுமென்றே எக்ஸாஸ்டில் எரித்தார்கள். ஆன்டி-லேக் என்று பெயர். அங்கே சத்தம் என்பது கழிவு, வேகம்தான் பொருள். டர்போவும் மேனிஃபோல்டும் படுகிற பாட்டுக்கு மாற்றுவதற்கு ஸ்பான்சர் காசும் மெக்கானிக் பட்டாளமும் உண்டு. நம்ம அண்ணன் எடுத்துக்கொண்டது கழிவை மட்டும். வாழைப்பழத்தைத் தூர எறிந்துவிட்டுத் தோலை மாலையாகப் போட்டுக்கொண்ட கதை. அவர் காரில் கூடுதலாக ஒரு குதிரைசக்தி கூட வரவில்லை. காலை எடுக்கிற நேரத்தில் எந்த சக்தி வந்து என்ன பயன்?

குழாயில் எரிகிற அந்த நெருப்புக்கு வழியில் ஒரு பலிகடா காத்திருக்கிறது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், செல்லமாக கேட்-கான். தேன்கூடு மாதிரி பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. தங்க நகைக்கடையில் உட்கார வேண்டிய சாமான் நம்ம சைலன்சர் குழாயில் உட்கார்ந்து புகையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. வேலை செய்ய அதற்கு முந்நூறு நானூறு டிகிரி சூடு தேவை. ஆயிரத்தை நெருங்கித் தாண்டினால் பூச்சு சுருங்கித் திரண்டு பயனற்றுப் போகும், இன்னும் போனால் பீங்கானே உருகி அடைக்கும். எரியாத பெட்ரோல் அதன்மேல் போய் விழுந்தால் அங்கேயே எரியும், சூடு எகிறும்.

'செக் இன்ஜின்' விளக்கு சில சமயம் நிலையாக எரியும், சில சமயம் மின்னும். மின்னினால் என்ன அர்த்தம் என்று காரோடு வருகிற புத்தகத்தில் இருக்கும். (யார் படித்தது?) சிலிண்டர் சரியாக எரிக்காமல் பெட்ரோலை எக்ஸாஸ்டுக்குத் தள்ளுகிறது, கேட்-கான் கெட்டுவிடும், உடனே வேகத்தைக் குறை என்று அர்த்தம். கார் கம்பெனி விளக்கை மின்னவிட்டு எச்சரிக்கிற அதே விபத்தை, இந்த ட்யூனர்கள் சேவை என்று பெயர் வைத்து விற்கிறார்கள். கொஞ்ச நாளில் கேட்-கான் களைத்துப் போய் பி0420 என்று ஒரு கோளாறு எண் வரும். அதற்கும் வைத்தியம் வைத்திருக்கிறார்கள்: அந்த எண் வராதபடி ஈசியூவில் அழித்துவிடுவது. ஜுரம் என்றால் தெர்மாமீட்டரை உடைப்பது!

கம்பெனிக்காரர்களும் சும்மா முட்டாள்தனமாக எப்போதும் வெட்டுவதில்லை. கேட்-கான் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால், அந்த நேரத்தில் வெறும் காற்றை அனுப்புவது பூச்சுக்குக் கெடுதல் என்று வெட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிற கார்கள் உண்டு. வெட்டு முடிந்து மறுபடி ஊற்றும்போது, கேட்-கானில் தேங்கிய ஆக்சிஜனைத் தீர்ப்பதற்காகச் சில நொடிகள் கொஞ்சம் கொழுப்பாக ஊற்றுவதும் உண்டு. இல்லையென்றால் நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். இத்தனை கணக்குப் போட்டு வைத்த அட்டவணையை, சாயங்காலம் வந்து இரண்டு மணி நேரத்தில் ஒருவர் 'சரி' செய்கிறார்.

சரி, அரசாங்கம் பிடிக்காதா? பி.யு.சி. சோதனைக்குப் போகிற பெட்ரோல் காரை நின்ற இடத்தில், ஐடிலிங்கிலும் கொஞ்சம் ஆர்.பி.எம். ஏற்றியும்தான் பார்க்கிறார்கள். காலை எடுத்து வேகம் குறைகிற நேரத்தில் மட்டும் அசிங்கம் பண்ணுகிற மேப், பரீட்சை ஹாலில் பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும். கேட்-கான் முழுசாகச் சாகும் வரை அது பாஸ்தான். சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், சத்தம் மற்றும் காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் கிடையாது. ஆனால் ராத்திரி பதினொன்றரைக்குத் தெருமுனையில் படார் சத்தம் கேட்டு முடிவதற்குள் கார் அடுத்த தெருவில் இருக்கும்.

"என் காரு, என் காசு, உனக்கென்ன?" என்பது இரண்டாவது வாதம். பி.காம் முதல் வருடத்தில் சொல்லிக் கொடுப்பதுதான்: செலவைச் செய்கிறவனே எல்லாச் செலவையும் சுமப்பதில்லை. ரீமேப் கட்டணம் மட்டும்தான் அண்ணன் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. எழுந்து அழுத குழந்தையின் தூக்கம் யார் புத்தகத்தில்? சுத்தம் செய்யப்படாத புகை யார் நுரையீரலில்?

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் இன்னும் காட்சிக்கே வரவில்லை. மூன்று வருடம் கழித்து அந்தக் காரை செகண்ட் ஹாண்டில் வாங்கப் போகிறவர். வேலைக்குச் சேர்ந்த புதிது, வீட்டுக்கு முதல் கார், லோன் போட்டு வாங்குவார். விற்கும்போது அண்ணன் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் உருகிய பீங்கான் திரும்பாது. ஏற்றாமல் விட்டாலோ இன்னும் மோசம். த்ராட்டில் திறந்து, குழாயில் எரிந்துகொண்டிருக்கிற இன்ஜினுக்குக் காரைப் பிடித்து நிறுத்துகிற இழுவை குறைவு. அவர் அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு முதல் தடவை மலைக்குப் போகிறார். இறங்கும்போது பலகை சொன்னபடி இரண்டாம் கியரில்தான் வருகிறார். எல்லாம் சரியாகச் செய்கிறார். ஆனால் காலை எடுத்தால் பிடிக்க வேண்டிய கார் எதிர்பார்த்த அளவுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைக் கூடுதலாக மிதிக்கிறார். ஏன் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் லைக்குக்காக மாற்றிய நாலைந்து எண்கள் அந்தக் காரோடு அமைதியாக மலையிறங்கிக்கொண்டிருக்கின்றன. மாமாவாவது தன் கையால் நியூட்ரலில் தள்ளினார். இவருக்கு வேறொருவர் தள்ளிவிட்டிருக்கிறார்.

விற்பனைப் பொருட்கள் சட்டம், 1930, பிரிவு 16. 'வாங்குகிறவனே ஜாக்கிரதை' என்ற கொள்கையை நாலு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்யாத காமர்ஸ் மாணவர் கிடையாது. ஆகவே பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தடவி, டயரைத் தட்டிப் பார்த்ததோடு விடாமல் இதையும் செய்யுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும். ஆளில்லாத சாலையில் இரண்டாம் கியரில் 3000 ஆர்.பி.எம். வரை கொண்டுபோய், காலை முழுசாக எடுங்கள், கிளட்சைத் தொடாதீர்கள். கார் சத்தமில்லாமல் உங்களை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும். உடனடி மைலேஜ் மீட்டர் இருந்தால் உச்சத்துக்குப் போக வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி, ஓ.பி.டி. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் நண்பரைக் கூட்டிப் போயிருந்தால், காலை எடுக்கிற நேரத்தில் முன் ஆக்சிஜன் சென்சார் 'காற்று மட்டும்' என்று காட்டுகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

பின்னாலிருந்து 'பட்' என்று கேட்டால் விற்பவர் சிரித்துக்கொண்டே, "அது ஸ்போர்ட்ஸ் மேப் தம்பி, இதுக்கே தனியா காசு குடுத்தேன்" என்பார். புதுக் கேட்-கான் விலை என்ன என்று முந்தின நாளே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையைக் கழித்துவிட்டு, கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றித் தரச் சொல்லி, அப்புறம் விலை பேச ஆரம்பிக்கலாம்.